ஓர்ட்காரின் கொம்புக்கு வந்த இரண்டு பதில்கள்

ஓர்ட்கார் பயந்த சுபாவம் உள்ளவர் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் ரகசியமில்லை. நான்கு போர்களில் கேடயச் சுவரில் நின்றவர் அவர். தோளோடு தோள் ஒட்டி, கேடயத்தின் மேல் கேடயம் ஏறி நிற்கும் அந்த வரிசையில், எதிரி நகரத் தொடங்கியதும் நான்கு முறையும் வாந்தி எடுத்தார். இதை யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவரே சொல்வார். பிரபுவின் கூடத்தில் மற்ற வீரர்கள் வெட்டிய கதை பேசும்போது இவர், "காலைல தின்ன ரொட்டியும் பன்னிக்கறியும் எனக்கு முன்னால நின்னவன் முதுகுலதான் இருந்துச்சு" என்பார். கூடம் அதிரும்.

முன்பற்கள் நான்கு இல்லை. மூன்றாவது போரில் ஒரு கேடயத்தின் இரும்பு விளிம்பு வாயில் இடித்துவிட்டது. இடித்தவன் கடல் தாண்டிக் கொள்ளையடிக்க வந்த டேனியன் இல்லை, பக்கத்தில் நின்ற எங்கள் ஆள்தான். மேலுதடு பிளந்து கோணலாக ஒட்டியிருந்தது. ரொட்டியை மதுவில் ஊறவைத்துத்தான் தின்பார்.

இப்படிப்பட்டவரை பிரபு முப்பது வருடம் கூடவே வைத்திருந்தார் என்றால் அதற்கும் காரணம் இந்தப் பயம்தான். காவலுக்கு நிறுத்தினால் தூங்கமாட்டார். ஒரு சுள்ளி முறிந்தாலும் எழுந்து நிற்பார். ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் அவரை விடுவித்தார்கள். ஒரு துண்டு நிலமும், வெள்ளிப் பூண் போட்ட மாட்டுக் கொம்பு ஒன்றும் கொடுத்து எங்கள் ஹேசல்டென்னுக்கு அனுப்பினார்கள். ஆண்ட்ரெட் காட்டின் ஓரத்தில் எங்கள் ஊர். பன்னிரண்டு வீடு, அதைவிடப் பல மடங்கு பன்றிகள். விதவையான மகள் லியோஃப்ரனோடு எனக்கு அடுத்த வீட்டில் இருந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

பல் இல்லாத வாயால் அவர் கொம்பு ஊதினால் பாதிக் காற்று பக்கவாட்டில் போய்விடும். மிச்சம் வரும் சத்தத்துக்கு ஊரில் எல்லோரும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் ஊதாமல் காட்டுக்குள் போகமாட்டார். எங்களில் யாரும் போகமாட்டோம். சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடப்பவன் கத்திக்கொண்டு நடக்க வேண்டும், அல்லது கொம்பு ஊத வேண்டும். இரண்டும் செய்யாதவன் திருடன். அவனைக் கொன்றவனை எந்தச் சபையும் தண்டிக்காது. அரசரின் சட்டம் இது, அவருடைய முன்னோர் காலத்திலிருந்து வருவது. காளான் பொறுக்கப் போகிற குழந்தைகூட ஹோ ஹோ என்று கூவிக்கொண்டுதான் போகும்.

அந்த இலையுதிர் காலத்தில் டேனியர்கள் கப்பல்களோடு ஆற்றுக்குள் வந்தார்கள். அரசர் படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி போரில், மறு பாதி வீட்டில் என்று முறை வைத்திருந்தார். எங்கள் ஆண்களின் முறை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஊரில் மிஞ்சியவர்கள் பதினோரு பேர். ஓர்ட்கார், லியோஃப்ரன், நான், என் இரண்டு பிள்ளைகள், மது காய்ச்சுகிற பெப்பா, அப்புறம் சமையற்கட்டை விட்டு வெளியே வராத ஐந்து பெண்கள்.

ஒரு நாள் விடிந்ததும் கிழக்கே புகை எழுந்தது. பக்கத்து ஊரான மேப்பிள்டென் எரிந்துகொண்டிருந்தது. ஓர்ட்கார் வீடு வீடாக வந்தார். முகம் மாவு பூசினதுபோல் வெளுத்திருந்தது.

"எட்கித், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வா. ரொட்டி மட்டும் எடு. கோட்டைக்குப் போறோம்."

ஆற்றுமேட்டுக் கோட்டை அரை நாள் நடை. மண் கரையும் மர வேலியும்தான், ஆனால் உள்ளே இருநூறு ஆண்கள் இருந்தார்கள். பெப்பா ஒரு வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அதன் அலகைக் கம்பளி நூலால் சுற்றியிருந்தாள்.

"அது எதுக்கு?" என்றார் ஓர்ட்கார்.

"அது பல்லு இல்லாமலே பொறந்துச்சு. உன்னை மாதிரி குடுத்துட்டு வரல. நடய்யா."

சாலையில் கால் மணி நேரம்கூட நடந்திருக்கமாட்டோம். ஓர்ட்கார் நின்று குனிந்தார். சாணம் கிடந்தது, குதிரைச் சாணம். விரலை அதற்குள் விட்டுப் பார்த்தார்.

"இன்னும் சூடு ஆறல," என்றார். "எறங்குங்க காட்டுக்குள்ள."

இறங்கினோம். என் வாழ்நாளில் முதல்முறையாகக் கூவாமல் காட்டுக்குள் நடந்தேன். சின்னவள் பழக்கத்தில் வாயைத் திறந்தாள். நான் கையால் பொத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அம்மா ஏதோ திருட்டு வேலை செய்கிறாள் என்கிற திகைப்பு இருந்தது. காய்ந்த இலை காலடியில் நொறுங்கும்போதெல்லாம் பதினோரு பேரும் நின்றோம்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஆளைப் பார்த்தோம். பீச் மரத்தடியில் மல்லாந்து கிடந்தான். முதுகுக்கு அடியில் மூட்டை, அது அவிழ்ந்து கரித்துண்டுகள் சிதறிக் கிடந்தன. மார்பில் ஒரே ஒரு அம்பு. ஓர்ட்கார் மண்டியிட முடியாமல் மரத்தைப் பிடித்துக் குனிந்து அம்பின் இறகைப் பார்த்தார். சிவப்பு நூலால் கட்டியிருந்தது.

"டேனியனா மாமா?" என்று கேட்டேன்.

"இல்ல. கோட்டை அம்பு. சிவப்பு நூல் அவங்க கட்டுறது. காட்டுல ரோந்து வர்றவங்க எய்திருக்கணும்." அவர் குரல் கீழே இறங்கிவிட்டது. "கரி சுடுறவன். சத்தம் போட்டா டேனியன் காதுல விழும்னு பயந்து சும்மா வந்திருக்கான். நம்மளை மாதிரி."

புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேர்ப்பள்ளம் பக்கத்தில் இருந்தது. அதற்குள் இறங்கி உட்கார்ந்தோம். கோட்டை இன்னும் ஒரு மைல். ஓர்ட்கார் கழுத்திலிருந்து கொம்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊதப் போறியா?" பெப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சாலை ரெண்டு கூப்பிடு தூரம்கூட இல்ல. உன் கொம்புச் சத்தத்தைக் கேட்டா மாடு கன்னு போடுதுன்னு நெனச்சு டேனியன் பூரா ஓடி வருவான்."

"ஊதலன்னா?"

"மெதுவா, மரத்துக்கு மரம் ஒளிஞ்சு போவோம்."

"அவனும் அப்படித்தான் போனான்," என்று கரி சுடுபவன் கிடந்த பக்கம் கையைக் காட்டினார்.

லியோஃப்ரன் அழுதுகொண்டே, "அப்பா, வேலி கண்ணுக்குத் தெரிஞ்சதும் கத்தலாம். பொம்பளைக் குரல் கேட்டா எய்யமாட்டாங்க" என்றாள்.

ஓர்ட்கார் அப்போது சொன்னதை அதற்கு முன் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

"எனக்கு முப்பது வயசு. வடக்குக் காட்டு ஓரத்துல காவல் நிக்கறேன். ஒருத்தன் மரங்களுக்கு நடுவுல வர்றான். கத்தல, ஊதல. நான் யாருன்னு கேக்கணும். கேக்கல. வாய் தெறக்கல எனக்கு. கை மட்டும் வேலை செஞ்சுது. போய்ப் பாத்தா தேனெடுக்குறவனோட தம்பி. பொறவி ஊமை. சபையில நிறுத்துனாங்க. சட்டப்படி சரின்னு அனுப்பிட்டாங்க." உதட்டை நக்கிக்கொண்டார். "காவல்ல நிக்கறவன் குரலைக் கேட்டு, ஆம்பளையா பொம்பளையான்னு பாத்து எய்யறதில்லம்மா. பயத்துல எய்யறான். தூரத்துலயே நாம வர்றோம்னு அவனுக்குத் தெரியணும். கத்தினா அவ்வளவு தூரம் போகாது, கொம்பு போகும். டேனியன் கேட்டா நாம ஓடவாவது செய்யலாம்."

பெப்பா கையை எடுத்துக்கொண்டாள். "ஊதித் தொலை," என்றாள்.

மூன்று முறை ஊதினார். மூன்றாவது பாதியில் உடைந்தது. காட்டில் பறவைகள் எழுந்து அடங்கின.

பதில் வந்தது. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது இடப்பக்கம், சாலை இருக்கிற திசையில், பக்கத்திலேயே. மூன்று முறை, நீளமாக, பிசிறில்லாமல். இரண்டாவது எங்களுக்கு நேர் எதிரே, தூரத்தில். ஒரே ஒரு முறை, தொடங்கியதும் அறுந்துபோனது. அதன் பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரு அங்க? கோட்டைக் காவல்தான் இங்க! வாங்க, பயப்படாதீங்க! வழி பத்திரமா இருக்கு!"

எங்கள் காட்டுப் பேச்சு. கடைசி எழுத்தை இழுக்கும் அந்த இழுப்பு. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். மேப்பிள்டென்னில் பன்றி மேய்க்கிற டிட்பால்டு. வருடாவருடம் அவன் பன்றிகள் எங்கள் பன்றிகளோடு கலந்துவிடும், பிரிக்க ஒரு நாள் ஆகும், அவன் பாடிக்கொண்டே பிரிப்பான்.

"டிட்பால்டுதான்!" லியோஃப்ரன் எழுந்துவிட்டாள். நானும் எழுந்துவிட்டேன், இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஓர்ட்கார் எங்கள் இருவர் பாவாடையையும் பிடித்துக் கீழே இழுத்தார்.

"மாமா, அவன் குரல்தானே?"

"குரல் அவனோடதுதான். ஊரு காலைல எரிஞ்சுச்சு. மத்தியானத்துக்குள்ள அவன் எப்படிக் கோட்டைக் காவல்ல நிப்பான்?"

பிள்ளைகளை மடியில் இழுத்துக்கொண்டேன்.

"காவல்ல நிக்கற எவன் பயப்படாதேன்னு சொல்லுவான்?" என்றார் ஓர்ட்கார். "அவன்தான் நடுங்கிக்கிட்டு நிப்பானே. யாருடா நீ, எத்தனை பேரு, எவன் ஆளு, கையைத் தூக்குன்னு கத்துவான். இல்லன்னா ஒண்ணுமே சொல்லமாட்டான்."

"எதிர்ல ஊதுனவன் ஒரு வார்த்தை பேசலையே," என்றாள் பெப்பா. "அவன் டேனியனா இருந்தா?"

"ஒரு தடவைக்கு மேல ஊத அவனுக்கு மூச்சு வரல. அவன் நம்மாளு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றார் ஓர்ட்கார். பிறகு திரும்பி, வேர்களுக்கு நடுவே வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு பள்ளத்திலிருந்து ஏறினார். "நான் முன்னால போறேன். நாப்பது அடி விட்டு வாங்க. நான் விழுந்தா நிக்காதீங்க."

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். முழங்கால் மடங்காததால் ஒவ்வொரு அடியும் பக்கவாட்டில் போட்டு நடந்தார். கத்திக்கொண்டே போனார்.

"ஓர்ட்கார்! ஊட்டாவோட மவன்! ஹேசல்டென்! பின்னால பொம்பளைங்க, பிள்ளைங்க, பத்து பேரு! ஓர்ட்கார்! ஊட்டாவோட மவன்!"

இடப்பக்கக் குரல் எங்களோடு சேர்ந்து நகர்ந்தது. "அங்க போகாதீங்க! அங்கதான் அவனுங்க நிக்கறானுங்க! இந்தப் பக்கம் வாங்க! எட்கித்! எட்கித், நீயா அது?"

என் பெயர். பன்றி பிரிக்கும் நாளில் எத்தனை முறை அந்தக் குரல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. அதே குரல் இப்போது அழுதுகொண்டிருந்தது. அழுகைக்கு நடுவில் யாரோ உலுக்கியதுபோல் நின்று, மறுபடி தொடங்கியது. "பயப்படாதீங்க. வாங்க." அதற்குப் பின்னால், மரங்களுக்குள், குதிரை ஒன்று மூக்கைச் சீறியது. என் மகன் அந்தப் பக்கம் திரும்பினான். அவன் கழுத்தைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

மரங்கள் குறைந்து வெளிச்சம் தெரிந்தது. ஓர்ட்கார் மறுபடி அப்பன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அம்பு வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர் இடது காலைக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்ததைத்தான் பார்த்தேன். தொடையின் மேற்புறம் இடுப்புக்கு ஒட்டிக் குத்தியிருந்தது. குனிந்து அதைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார். அந்தக் கோணல் வாய் சிரித்ததா வலியில் இழுத்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"சிவப்பு நூலு!" என்று கத்தினார். "நம்மாளுதான்! ஓடுங்க! அம்பு வர்ற பக்கமா ஓடுங்க!"

எங்களை அடிமைகளாக விற்கத்தான் டேனியர்கள் பிடிப்பார்கள். விற்கிற சரக்கின் மேல் எவனும் அம்பு விடமாட்டான். அது அந்த நேரத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் அம்பை நோக்கி ஓடக் காலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது அம்பு என் தலைக்கு மேல் போனது. பெப்பா வாத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினாள்.

"எவன்டா அது எய்யறவன்! என் வீட்டு மதுவைக் குடிச்சுட்டு என் வாசல்லயே உருண்டு கிடந்த பன்னிப் பயலுங்கதானடா நீங்க! பெப்பாடா! கண்ணு அவிஞ்சுபோச்சா! எய்டா இன்னொண்ணு, பாக்கலாம்!"

கோட்டை வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவன், "பெப்பா அக்காவா?" என்றான். அம்பு நின்றது. நாலைந்து பேர் ஓடிவந்து ஓர்ட்காரை அக்குளில் பிடித்து இழுத்தார்கள். எங்களுக்குப் பின்னால் மரங்களின் ஓரம்வரை குதிரைகள் வந்து நின்றன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் மூடியது. எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேரும் இருந்தோம்.

எய்தவன் பெயர் கத்தா, தோல் பதனிடுகிறவன், நாற்பதைத் தாண்டியவன். எய்தவன் ஒளியாமல் தானே சொல்ல வேண்டும் என்பது வழக்கம். வாசலில் நின்று மூன்று முறை, "நான்தான் எய்தேன், நான்தான் எய்தேன், நான்தான் எய்தேன்" என்றான். பிறகு ஓர்ட்காரிடம் வந்தான். வில்லைத் தரையில் வைத்தான்.

"நீங்க கத்துனது காதுல விழுந்துச்சு பெரியவரே. சத்தியமா விழுந்துச்சு. போன வாரம் அவனுங்களும் கொம்பு ஊதிக்கிட்டுத்தான் வந்தானுங்க. என் தம்பி எழுந்து போய்ப் பதில் சொன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் தம்பி இல்ல."

"தெரியும்டா," என்றார் ஓர்ட்கார். "உக்காரு. அம்பை வெட்டி எடுக்கறப்போ யாராச்சும் என் தலையைப் பிடிக்கணும்."

அவன்தான் பிடித்தான். எடுக்கும்போதும் அதற்குப் பிறகும் வெளியே அந்தக் குரல் நிற்கவில்லை. வேறு ஊர்க்காரர்களும் காட்டுக்குள் இருந்தார்கள். கோட்டைக்கு வரும் வழியில் யார் கொம்பு ஊதினாலும், தெளிவாக மூன்று முறை பதில் போனது, பிறகு குரல் போனது. வாங்க, பயப்படாதீங்க. நாங்கள் வேலியில் ஏறி, போகாதீங்க என்று கத்தினோம். காற்று எங்கள் முகத்தில் அடித்து, சத்தத்தைத் திருப்பித் தள்ளியது. ஒருமுறை பெண்களின் சத்தம் கேட்டது, நிறையப் பேர், பிறகு கேட்கவில்லை.

"துரோகி நாய்," என்றான் கத்தா.

"கழுத்துல கத்தி வெச்சா நானும் கூப்பிட்டிருப்பேன்," என்றார் ஓர்ட்கார், கண்ணைத் திறக்காமல். "அவனைவிட நல்லாவே கூப்பிட்டிருப்பேன்."

வெயில் சாயும் நேரத்தில் ஒரு சொல்லின் நடுவில் குரல் நின்றது.

ஒன்பது நாள் கழித்து எங்கள் படை வந்து டேனியர்களைக் கரைக்குத் தள்ளியது. காட்டில் ஒரு ஓக் மரத்தடியில் அறுந்த கயிறு கிடந்ததாகச் சொன்னார்கள். மரத்தைச் சுற்றி மண், கட்டிய மாடு மிதித்ததுபோல் மிதிபட்டிருந்தது. டிட்பால்டு உயிரோடும் கிடைக்கவில்லை, பிணமாகவும் கிடைக்கவில்லை.

அடுத்த சபையில், அந்தக் குரலை நம்பிப் போய்ப் பதினாறு பேரை இழந்த ஓக்டென் ஊர்க்காரர்கள் எழுந்து, அவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும் என்றார்கள். திரும்பி வந்தால் கண்டவன் கொல்லலாம் என்று பொருள். அவன் குற்றமில்லாதவன் என்று சத்தியம் செய்யப் பன்னிரண்டு ஆண்கள் இருந்தால் தப்பலாம். மேப்பிள்டென்னில் பன்னிரண்டு பேர் மிஞ்சியிருக்கவில்லை.

ஓர்ட்காரைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். புண் ஆறவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். சிலுவையின் மேல் கை வைத்து, "அவன் சொன்னது பொய்தான். ஆனா குரல்ல பயம் இருந்துச்சு. நான் கேட்டேன். சத்தியம்" என்றார். ஓக்டென்காரன் ஒருவன், "உனக்குப் பயத்தைத் தவிர வேற என்ன கிழவா கேக்கும்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்திலிருந்து கத்தா வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்று தன் கையையும் வைத்தான். வேறு யாராவது வருவார்களா என்று சபையை நடத்திய அதிகாரி காத்திருந்தார். பெண்கள் வரிசையில் நான் நின்றேன், பெப்பா நின்றாள். எங்கள் கை அங்கே கணக்கில்லை. ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேர்தான். டிட்பால்டின் பெயரை மூன்று முறை கூவி வெளியே தள்ளினார்கள். பலகையைத் தூக்கும்போது ஓர்ட்கார் என் கையைப் பிடித்து, "அவன் காதுல இது விழுந்துடக் கூடாது எட்கித். இனிமே எந்தக் காட்டுல நடந்தாலும் அவனால கூவ முடியாது. கூவினா இன்னாருன்னு தெரிஞ்சு கொல்லுவாங்க, கூவலன்னா திருடன்னு கொல்லுவாங்க" என்றார். எட்டு நாளில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது.